எச்.பி.வி. ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது?

முதலில் டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் எங்கேயும் ஓடிவிடாது. அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: 'ஹை ரிஸ்க் எச்.பி.வி. டி.என்.ஏ.: டிடெக்டட்.' அந்த வரியைப் படித்ததும் புற்றுநோய் வந்துவிட்டது என்று இடிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். 'நாட் டிடெக்டட்' என்று வந்துவிட்டால், மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் படுகிறதே என்பதைக்கூட டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் பெண்ணுக்கு வீண் பயம், இரண்டாவது பெண்ணுக்கு வீண் தைரியம். அந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

எச்.பி.வி. என்பது 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட ஒரு வைரஸ் குடும்பம். கையிலும் காலிலும் வரும் மரு இந்தக் குடும்பத்து வேலைதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டவை அதில் 12 முதல் 14 வகைகள். அவற்றுக்குள்ளும் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் பத்துப் புற்றுநோய்களில் ஏழுக்குக் காரணம். 16ஆம் வகையை 1983இலும், 18ஆம் வகையை அதற்கடுத்த ஆண்டிலும் பிரித்தெடுத்தது ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசனின் ஆய்வுக்கூடம். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று ஒருமுறையாவது வந்து போகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகளை ஓரிரு ஆண்டுகளில் உடலே விரட்டிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு சிறு பங்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். அப்படிப் பல ஆண்டுகள் தங்கிய தொற்றுதான் கர்ப்பப்பை வாய்ச் செல்களை மெல்ல மாற்றுகிறது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று டாக்டர்கள் சொல்வது இந்த மாற்றத்தைத்தான். அங்கிருந்து புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் மாறிய இடத்தை மட்டும் அகற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இப்போது சோதனையின் துல்லியத்துக்கு வருவோம். பலரும் நினைப்பது, வைரஸ் துளி இருந்தாலும் பிடித்துவிடுகிற சோதனைதான் சிறந்த சோதனை என்று. எச்.பி.வி. விஷயத்தில் அது சரியில்லை. தெருவில் போகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கிற நாய், திருடன் வருகிற அன்றும் குரைக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் வீட்டார் அதன் குரலைக் காதில் வாங்குவதையே விட்டிருப்பார்கள். தானாகவே போய்விடப்போகிற சின்னச் சின்னத் தொற்றுகளையெல்லாம் பிடித்துப் பாசிட்டிவ் என்று சொல்லும் சோதனையால் இப்படித்தான் ஆகும். எத்தனை பெண்களை வீணாகக் கால்போஸ்கோபிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவது? அதனால் நல்ல எச்.பி.வி. சோதனையில் ஒரு வரம்பை வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருப்பார்கள். அந்த வரம்புக்குக் கீழே வைரஸ் இருந்தாலும் நெகட்டிவ் என்றே ரிப்போர்ட் வரும். 'வைரஸ் இருக்கிறதா?' என்பதைவிட, 'நோயை உண்டாக்கக்கூடிய அளவுக்கு இருக்கிறதா?' என்பதுதான் அது கேட்கும் கேள்வி.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சோதனையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஹைப்ரிட் கேப்சர் 2 என்று ஒன்று உண்டு. நீண்ட காலம் உலகத்துக்கே அளவுகோலாக இருந்த சோதனை அது. சிறு பிரஷ்ஷால் எடுத்த செல்களில் காரக் கரைசலைச் சேர்த்ததும் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும். அதில் 13 ஆபத்தான வகைகளுக்கும் பொருந்தக்கூடிய ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கலப்பார்கள். அந்த வைரஸ் இருந்தால் அதன் இழையோடு இவை போய் ஒட்டிக்கொள்ளும். பாதி டி.என்.ஏ., பாதி ஆர்.என்.ஏ.வாக இருக்கும் இந்த ஜோடியை மட்டும் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருள்கள் சோதனைத் தட்டில் உள்ள குழியின் சுவரில் பூசப்பட்டிருக்கும். கடைசியில் ஒளிரும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்து, எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று கருவி அளக்கும். மில்லிலிட்டருக்கு ஒரு பிக்கோகிராம் வைரஸ் டி.என்.ஏ. இருந்தால் எவ்வளவு வெளிச்சம் வருமோ, அதுதான் வரம்பு. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் பிக்கோகிராம். வரம்பை 1 என்று வைத்துக்கொண்டால் 1.1 வந்தவர் பாசிட்டிவ், 0.9 வந்தவர் நெகட்டிவ். இந்த இருவரின் உடல்நிலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கோட்டை எங்காவது கிழித்துத்தான் ஆக வேண்டும். கிழித்த கோட்டின் அருகில் இருப்பவர்களுக்கு அடுத்தமுறை முடிவு மாறி வரலாம். லேப் ஏமாற்றிவிட்டது என்று அதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை.

அடுத்த தலைமுறைச் சோதனைகள் பெரும்பாலும் பி.சி.ஆர். முறையில் வேலை செய்கின்றன. வைரஸ் மரபணுவின் ஒரு துண்டை எடுத்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, இப்படியே நகலெடுத்துக்கொண்டு போவார்கள். முப்பது சுற்றில் ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டிவிடும். இந்த முறையில் 16, 18 வகைகளைத் தனியாகக் காட்டவும் முடியும். ஹைப்ரிட் கேப்சர் சோதனை 13இல் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல், செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் இல்லாமல் எச்.பி.வி. சோதனையை மட்டுமே முதல் சோதனையாகச் செய்யலாம் என்று ஒப்புதல் கொடுத்தது இப்படிப்பட்ட ஒரு பி.சி.ஆர். சோதனைக்குத்தான்.

சரி, எவ்வளவு துல்லியம்? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 60,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பேசப்படுகிறது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றிய மாற்றம் உள்ள பெண்களில் நூற்றுக்கு 96 பேரை எச்.பி.வி. சோதனை பிடித்தது. பாப் ஸ்மியர் பிடித்தது 53 பேரைத்தான். மறுபக்கமும் உண்டு. நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வதில் பாப் ஸ்மியர் 96 சதவீதம், எச்.பி.வி. சோதனை 91 சதவீதம். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களில் இந்த 91 என்பது 93 ஆக உயர்கிறது. இளம் வயதில் வந்து போகிற தொற்றுகள் அதிகம். வயது ஏற ஏற, இருக்கிற தொற்று தங்கிவிட்ட தொற்றாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. பொதுவாக 30 வயதிலிருந்து இந்தச் சோதனையைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதற்கு இது முக்கியமான காரணம்.

சதவீதமாகச் சொன்னால் மனதில் ஒட்டாது. ஆயிரம் பெண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லோரும் நடுவயதுப் பெண்கள். அவர்களில் பத்துப் பேருக்கு முற்றிய மாற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எச்.பி.வி. சோதனை இவர்களில் ஒன்பது அல்லது பத்துப் பேரைப் பிடித்துவிடும். மீதி 990 பேரில் 93 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் வரும். சுமார் 70 பேருக்குப் பாசிட்டிவ் வரும். ஆக மொத்தம் ஏறத்தாழ 80 பாசிட்டிவ். அவர்களில் உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படுபவர்கள் பத்துப் பேர், அதாவது எட்டில் ஒருவர். மற்ற எழுவரிடமும் பெரும்பாலும் வைரஸ் நிஜமாகவே இருக்கும். ஆனால் இன்று நோய் இருக்காது. பாசிட்டிவ் என்று வந்த பெண் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். நெகட்டிவ் வந்த 920 பேரில் நோயோடு தப்பியவர் ஒருவர் இருக்கலாம், அல்லது ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். இதே ஆயிரம் பேருக்குப் பாப் ஸ்மியர் மட்டும் செய்திருந்தால் ஐந்து பேர் தப்பியிருப்பார்கள். எச்.பி.வி. சோதனையின் பெரிய பலம் அதன் நெகட்டிவில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்துவந்த பாப் ஸ்மியரைக் கைவிட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனைக்கு மாறியதும் இந்த நெகட்டிவ் தரும் நம்பிக்கையில்தான்.

இந்த நம்பிக்கைக்கு மிக வலுவான சாட்சியங்களில் ஒன்று நம் நாட்டிலிருந்தே வந்தது. மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் மாவட்டம், இன்றைய தாராசிவ். அங்கே 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 கிராமத்துப் பெண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எச்.பி.வி. சோதனை, ஒன்றுக்குப் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு வினிகர் சோதனை, நான்காவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. ஒரே ஒருமுறை எச்.பி.வி. சோதனை செய்த குழுவில் எட்டு ஆண்டுகளில் 34 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். சோதனை இல்லாத குழுவில் 64 பேர். சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எச்.பி.வி. நெகட்டிவ் என்று வந்த பெண்களில் அந்த எட்டு ஆண்டுகளில் ஒருவர்கூட இந்த நோயால் சாகவில்லை.

வினிகர் சோதனை என்றேனே, அதில் நம் மாநிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, எங்கே வெளுக்கிறது என்று கண்ணால் பார்ப்பதுதான் அது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில் இந்தச் சோதனையால் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. உஸ்மானாபாத்தில் அதே வினிகர் சோதனையால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்கிற சோதனையில் பார்ப்பவரின் பயிற்சியும் அன்றைய வெளிச்சமும்கூட முடிவை மாற்றும். ஒரே மாதிரியைச் சென்னையிலும் சோலாப்பூரிலும் போட்டால் ஒரே பதில் வர வேண்டும். எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை போன்ற மூலக்கூறு சோதனையிடம் நாம் எதிர்பார்ப்பது அது.

அப்படியானால் மூலக்கூறு சோதனை தப்பே செய்யாதா? செய்யும். எங்கெங்கே என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதல் இடம், மாதிரி எடுப்பது. பிரஷ்ஷில் செல்களே வரவில்லை என்றால் எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல பி.சி.ஆர். சோதனைகள் வைரஸைத் தேடும்போதே பீட்டா குளோபின் போன்ற ஒரு மனித மரபணுவையும் சேர்த்துத் தேடும். அதுவே இல்லை என்றால் மாதிரியில் செல் இல்லை, அல்லது ரத்தமோ க்ரீமோ கலந்து வேதிவினையைத் தடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ரிப்போர்ட்டில் 'இன்வேலிட்' என்று வரும். அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுபடி மாதிரி கொடுக்க வேண்டும். ஹைப்ரிட் கேப்சரில் இந்தக் காவல் கிடையாது.

இரண்டாவது இடம், வைரஸின் குணம். எச்.பி.வி.யின் மரபணு மொத்தம் சுமார் 8,000 இணைகள் கொண்ட ஒரு சிறு வளையம். நோய் முற்றும்போது அந்த வளையம் அறுந்து நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் போய் ஒட்டிக்கொள்வது உண்டு. ஒட்டும்போது எல்1 என்ற பகுதி தொலைந்துபோகலாம். எல்1ஐ மட்டும் தேடுகிற சோதனை அப்போது ஏமாறக்கூடும். செல்லைப் புற்றாக மாற்றும் ஈ6, ஈ7 என்ற பகுதிகள் பெரும்பாலும் தொலைவதில்லை. அதனால் சில சோதனைகள் அவற்றையே தேடுகின்றன. இவை தவிர, எச்.பி.வி.க்குச் சம்பந்தமே இல்லாத அரிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களும் இருக்கின்றன. எனவே உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் நெகட்டிவ் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இந்தச் சோதனை அறிகுறி இல்லாத பெண்களுக்காக உருவானது.

மூன்றாவது இடம், லேப். ஒன்றை 100 கோடியாக்கும் முறையில் பலவீனமும் அதுவே. முந்தைய சோதனையின் நகல் ஒன்று காற்றில் பறந்து அடுத்தவரின் குழாயில் விழுந்தால் அவருக்கும் பாசிட்டிவ் வந்துவிடும். இதற்கு ஓர் அழகான தடுப்பு இருக்கிறது. நகலெடுக்கும்போது டி.என்.ஏ.வில் இயல்பாக இருக்கும் தைமினுக்குப் பதிலாக யூராசில் என்ற பொருளைச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே லேபில் உருவான நகல்களில் யூராசில் இருக்கும். உடலிலிருந்து வந்த அசல் வைரஸில் இருக்காது. அடுத்த சோதனை தொடங்கும் முன், யூராசில் உள்ள டி.என்.ஏ.வை மட்டும் சிதைக்கிற நொதி ஒன்றை விட்டால் பழைய நகல்கள் ஒழிந்துபோகும். இதோடு, கலவை செய்யும் அறை வேறு, நகலெடுக்கும் அறை வேறு என்று பிரித்துவைப்பதும், ஒவ்வொரு சுற்றிலும் வைரஸே இல்லாத குழாய் ஒன்றைச் சேர்த்து ஓட்டுவதும் நல்ல லேபின் வழக்கம். அந்த வெறும் குழாயில் பாசிட்டிவ் வந்தால் அன்றைய முடிவுகளை நம்பக் கூடாது.

நான்காவது இடம், சந்தை. 2020 நிலவரப்படி உலகச் சந்தையில் 250க்கு மேற்பட்ட எச்.பி.வி. சோதனைகள் இருந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் துல்லியம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வெளியாகியிருக்கவில்லை. ஒவ்வொரு புதிய சோதனைக்கும் லட்சம் பெண்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர முடியாதுதான். அதற்காகவே 2009இல் வல்லுநர்கள் ஒரு குறுக்குவழியை வகுத்தார்கள். ஹைப்ரிட் கேப்சர் 2 பிடிக்கும் நோயில் குறைந்தது 90 சதவீதத்தைப் புதிய சோதனையும் பிடிக்க வேண்டும். நோய் இல்லாதவரை விட்டுவிடுவதில் ஹைப்ரிட் கேப்சர் 2இன் திறனுக்கு 98 சதவீதமாவது ஈடாக இருக்க வேண்டும். ஒரே மாதிரியைத் திரும்பப் போட்டால் அதே பதில் வர வேண்டும். இந்தத் தேர்வில் தேறாத சோதனையின் பெட்டியில் 99 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், எதில் 99 என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. குழாயில் கலந்த வைரஸைக் கண்டுபிடிப்பதில் 99 என்றால், ஒரு பெண்ணின் நோயைக் கண்டுபிடிப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கூச்சத்தால் சோதனைக்கே வராத பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி. மாதிரியைப் பெண்களே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம். பி.சி.ஆர். முறையில் செய்தால், டாக்டர் எடுத்த மாதிரிக்கு இணையாக இதுவும் நோயைப் பிடிக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஹைப்ரிட் கேப்சர் போன்ற முறைகளில் அந்த அளவுக்குத் துல்லியம் வரவில்லை. டாக்டர் எடுத்ததா, தானே எடுத்ததா என்பதைப் பொறுத்துச் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீடுகளில் வெடிக்கிற ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 'இது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது?' எந்தச் சோதனையாலும் அதைச் சொல்ல முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் வந்த தொற்று வரம்புக்குக் கீழே அடங்கிக் கிடந்து இப்போது தலைகாட்டலாம். பாசிட்டிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையோ கணவனையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். அறிவியலில் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தடுப்பூசி போட்டதால் பாசிட்டிவ் வருமோ என்ற சந்தேகமும் வேண்டாம். தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெறும் கூடு, அதில் டி.என்.ஏ. கிடையாது.

ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தச் சோதனை, அது எந்த வகைகளைத் தேடுகிறது? 16, 18 தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? மாதிரி சரியாக இருந்ததா? 16 அல்லது 18 பாசிட்டிவ் என்றால் பொதுவாக நேரே கால்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள். மற்ற வகை என்றால் பாப் ஸ்மியரோ வினிகர் சோதனையோ செய்து, அதில் ஒன்றும் இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டில் திரும்ப வரச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஏனென்றால் சோதனை யாரையும் குணப்படுத்துவதில்லை. உஸ்மானாபாத்தில் சாவு பாதியானதற்குச் சோதனை மட்டும் காரணமாக முடியாது. பாசிட்டிவ் வந்த பெண்களுக்குக் கால்போஸ்கோபி செய்து, மாற்றம் இருந்த இடத்துக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 1,20,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. 80,000 பேர் அளவில் சாகிறார்கள். 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இதற்காகச் சோதிக்கப்பட்டவர்கள் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 96 சதவீதத் துல்லியம் அதிகபட்சம் இந்த இரண்டு பேருக்குத்தான் பயன்பட்டிருக்க முடியும். மற்ற 98 பேருக்கு அந்தச் சோதனையின் துல்லியம் பூஜ்யம். உங்கள் வீட்டில் முப்பதைத் தாண்டிய பெண்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். அம்மா, அக்கா, அண்ணி, வீட்டு வேலைக்கு வருகிறவர் எல்லோரையும் சேர்த்து எண்ணுங்கள். ஒவ்வொருவரிடமும் இந்த வாரமே கேளுங்கள். இதுவரை செய்ததில்லை என்று சொல்பவரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பாசிட்டிவ் வந்தால் சிகிச்சை முடியும்வரை கூடவே இருங்கள்.